குண்டு எங்கே போய் நிற்கும்?

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்களில் ஒரு சாரார் முகம் சுளிப்பர். மற்றொரு சாரார் மார்பை நிமிர்த்துவர். முன்னவர்க்கு அது கொலைக் கருவி. பின்னவர்க்கு அது வீரத்தின் அடையாளம். இவ்விரு சாராருக்கும் இடையே மூன்றாவதாக ஒரு சாரார் இப்போது வளர்ந்து வருகின்றனர். அவர்களுக்குத் துப்பாக்கி என்பது கிரிக்கெட் மட்டையைப் போல, டென்னிஸ் மட்டையைப் போல, ஒரு விளையாட்டுக் கருவி, அவ்வளவே. மூச்சை அடக்கி, மனத்தை ஒருமுகப்படுத்தி, கைநடுக்கத்தை வென்று, மயிரிழை பிசகாமல் குறியைத் தொடும் கலை அது என்பது அவர்கள் கருத்து. அந்தக் கருத்தில் உண்மை இருக்கிறது.

இந்த மூன்றாம் சாராரைச் சேர்ந்த நண்பர்கள் சிலர் நம் விடுதிகளில் ஒரு விண்ணப்பத்தைச் சுற்றுக்கு விட்டிருக்கின்றனர். 'மாணவர்களும் பொதுமக்களும் பயிலத்தக்க ஒரு பொதுச் சுடுதளம் நம் பல்கலைக் கழகத்தின் அருகே வேண்டும். ரிட்ஜ் ஓரத்திலோ யமுனைக் கரையிலோ வெற்றிடம் நிறைய இருக்கிறது. அரசாங்கம் மனம் வைத்தால் ஓராண்டில் அமைத்துவிடலாம்' என்பது அதன் சாரம். நம் தமிழ் மாணவர்களிலும் பலர் கையெழுத்திட்டிருக்கின்றனர். என்னிடமும் அது வந்தது.

விண்ணப்பத்தின் முதல் பாதியை நான் மனமார வரவேற்கிறேன். இரண்டாம் பாதியை ஏற்க என்னால் இயலவில்லை. ஏன் வரவேற்கிறேன், ஏன் ஏற்கவில்லை, அதற்கு மாறாக எதைக் கேட்க வேண்டும் என்பவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேட்பது தவறன்று

இந்த விளையாட்டு நம் நாட்டுக்குப் புதிதன்று. இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் 1951-இல் தோன்றியது. அதன் முதல் தலைவர் யார்? போர்த் தளபதி அல்லர். மக்களவையின் முதல் சபாநாயகராகிய மாவ்லங்கர்! பேச்சுக்கு ஒழுங்கு கற்பித்தவரே துப்பாக்கிக்கும் ஒழுங்கு கற்பிக்க முன்வந்தார். பிகானேர் மன்னர் கர்ணி சிங் 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அவர் பெயரைத் தாங்கிய சுடுதளம் இதே தில்லியில், துக்ளகாபாத்தில் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுக்காகக் கட்டப்பெற்றது. 2010-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுக்காகப் புதுப்பிக்கப்பெற்றது.

ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் இந்தியா 2024 வரை பெற்ற பதக்கங்கள் ஏழு. 2004-இல் ரத்தோர்; 2008-இல் அபினவ் பிந்த்ரா; 2012-இல் விஜய் குமாரும் ககன் நரங்கும்; 2024-இல் மனு பாக்கர், அவரே சரப்ஜோத் சிங்குடன் இணைந்து, பின்னர் ஸ்வப்னில் குசாலே. நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இருமுறை ஒலிம்பிக் களம் கண்டவர். புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்து இளைஞர் பிருத்விராஜ் 2024-இல் பாரிசில் பறக்கும் தட்டுகளைச் சுட்டார்.

ஆயினும் ஒரு கேள்வி. சாதாரண வீட்டுப் பிள்ளை ஒருவன், தந்தை துணிக்கடைக் கணக்கர், தாய் ஊராட்சிப் பள்ளி ஆசிரியை என்று வைத்துக் கொள்வோம், இந்தக் கலையைக் கற்க எங்கே போவான்? என்.சி.சி.யில் சேர்ந்தால் .22 ரைபிளில் சில குண்டுகள் சுடக் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமாயின் பணம் வேண்டும். தனியார் பயிற்சிக் கூடத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். மன்னர்களும் படையினரும் செல்வர்களும் வளர்த்த விளையாட்டு இது. இதைப் பொதுமக்களுக்குரியதாக ஆக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்வி, குடியரசுக்குரிய கேள்வி. ஆகையால் 'துப்பாக்கியே வேண்டாம்' என்று சொல்லும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒழுங்கான சுடுதளத்தில் பயின்றவன் துப்பாக்கியைக் கண்டபடி கையாள மாட்டான். முதல் நாளே அவன் கற்பது சுடுவதை அன்று. குழாயின் வாயை ஒருபோதும் மனிதர் பக்கம் திருப்பாதிருப்பதை. திரைப்படத்தைப் பார்த்துத் துப்பாக்கியை அறிபவனைவிட இவன் ஆயிரம் மடங்கு மேலானவன்.

அப்படியானால் தகராறு எங்கே? இடத்திலும் திட்டத்திலும்தான்.

ஐந்து சென்டிமீட்டர்

சுடுதளம் என்றால் என்ன? ஒரு கோடியில் சுடுபவர். மறு கோடியில் குறி. இடையே வெற்றிடம் என்றுதான் நாம் எண்ணுகிறோம். குறிக்குப் பின்னால் இருப்பதே உண்மையான சுடுதளம். குறியைத் தொட்ட குண்டு எங்கே போய் நிற்கும், குறியைத் தொடாத குண்டு எங்கே போய் நிற்கும் என்ற இரு கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகே முதற் செங்கல்லை வைக்க வேண்டும்.

.22 என்பது ரைபிள்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. அதன் குண்டு இரண்டரைக் கிராம் எடையுள்ள ஈயத் துண்டு. 'பையன்கள் துப்பாக்கி' என்று கேலியாகவும் சொல்வார்கள். அந்தச் சிறு குண்டு, குழாயைச் சற்று உயர்த்திச் சுட்டால், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழ வல்லது. 50 மீட்டர்த் தளம் ஒன்றை மனக்கண்ணில் பாருங்கள். கோடியில் நான்கு மீட்டர் உயரத்தில் மண்மேடு. பார்ப்பதற்கு மலைபோலத் தோன்றும். நின்று சுடுபவனின் துப்பாக்கி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. துப்பாக்கியின் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். குழாயின் நுனி ஐந்தே சென்டிமீட்டர் மேலே எழும்பினால் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 50 மீட்டர் சென்றதும் குண்டு இரண்டரை மீட்டர் உயர்ந்து மேட்டின் உச்சியைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஒரு நூலிழை எழும்பினாலும் குண்டு ஊரைப் பார்த்துப் போகும். ஐந்து சென்டிமீட்டர் என்பது மூன்று விரல் அகலம். புதிதாகக் கற்பவன் தும்மினால்கூட அவ்வளவு அசையும்!

இது வெறுங்கணக்கன்று. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் குண்டு பாய்ந்தது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் பசுமலைப்பட்டியில் இருந்த தளத்தில் அப்போது மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் துப்பாக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். 2022 ஜனவரி 3 அன்று அச்சிறுவன் இறந்தான். சுட்டவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். பயிற்சி பெற்ற படையினர். அது கோபத்தில் சுட்டதும் அன்று; பகைமையில் சுட்டதும் அன்று. தளத்துக்கும் வீட்டுக்கும் இடையே குண்டை நிறுத்துவதற்கு எது இருந்திருக்க வேண்டுமோ அது இல்லை. அவ்வளவுதான்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் பழமொழி. சுடுதளத்தைப் பொறுத்தவரை எய்தவன் யார்? விசையை இழுத்தவனா? வரைபடத்தில் கோடு போட்டவனா? என்னைக் கேட்டால், வரைபடம் போட்டவனையும், அதற்கு ஒப்பம் இட்டவனையும், 'எங்கேயாவது அமையுங்கள்' என்று விண்ணப்பம் எழுதியவனையும் சேர்த்தே எய்தவன் என்பேன்.

சுடுதளம் அமைக்கும் பொறியாளர்களிடம் ஓர் எளிய விதி உண்டு. சுடும் இடத்தில் நின்றோ, மண்டியிட்டோ, படுத்தோ முன்னே பார்த்தால் வானம் தெரியக் கூடாது. கண்ணுக்கு வானம் தெரிந்தால் குண்டுக்கும் வானம் திறந்திருக்கிறது என்று பொருள். ஆகவே முன்னே மண்மேடு, இருபுறமும் மதில், மேலே, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, குண்டு துளைக்காத குறுக்குத் தடுப்புகள். மேட்டின் முகத்தில் கல் இருக்கக் கூடாது. கல்லில் பட்ட குண்டு தெறித்துத் திரும்பும். சலித்த மண்தான் வேண்டும். இவற்றோடு, 'சுடு' என்றும் 'நிறுத்து' என்றும் ஆணையிட ஒரு தள அலுவலர் எப்போதும் நிற்க வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் தளத்தின் கதவு பூட்டியிருக்க வேண்டும். நம் விண்ணப்பத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. 'வெற்றிடம் நிறைய இருக்கிறது' என்ற ஒரே வரி இருக்கிறது.

காரீயம்

குண்டு நின்றுவிட்டது என்று வைத்துக் கொள்வோம். கதை முடிந்ததா? இல்லை, மற்றொரு கதை தொடங்குகிறது.

ஈயம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வீட்டு அடுக்களையில் ரசம் கொதிக்கும் ஈயச் சொம்பு. அது வெள்ளீயம், அதனால் கேடில்லை. குண்டில் இருப்பது காரீயம். ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு ஒன்று விருந்து வைக்கிறது, மற்றொன்று நஞ்சு வைக்கிறது. இரத்தத்தில் காரீயம் இவ்வளவு இருக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவுமே அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும்; பெரியவர்களின் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

எவ்வளவு காரீயம்? பறக்கும் தட்டைச் சுடும் 'டிராப்' போட்டியில் ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈயச் சிதறல் இருக்கும். தகுதிச் சுற்றில் தட்டுகள் 125. தட்டுக்கு ஒரு தோட்டா என்றே வைத்தாலும் ஒருவர் ஒரு சுற்றில் மூன்று கிலோ ஈயத்தை நிலத்தில் விதைக்கிறார். ஐம்பது பேர் சுட்டால் நூற்றைம்பது கிலோ! இருநூறு மீட்டருக்கும் மேலாகச் சிதறி விழும் அந்தச் சின்னஞ்சிறு மணிகளைப் பொறுக்குவது எளிதன்று. பறவைகள் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் வழக்கமுடையவை. ஈய மணியையும் கல்லென்று விழுங்கும். மயிலுக்கும் கௌதாரிக்கும் வேதியியல் தெரியாது.

இதற்கு மாறாக, 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியைப் பாருங்கள். ஒரு குண்டு அரைக் கிராம். போட்டிக்கு 60 குண்டுகள். ஆக மொத்தம் 30 கிராம். டிராப் போட்டியில் நூறில் ஒரு பங்கு! அதுவும் குறிக்குப் பின்னால் உள்ள இரும்புப் பெட்டியில் விழுந்து கிடக்கும். மாலையில் எடுத்து எடை போடலாம். இந்த ஒப்பீட்டை மறவாதீர்கள். பின்னர் இதற்கே திரும்ப வருவேன்.

மண்ணில் விழுந்த ஈயம் அப்படியே கிடந்துவிடாது. அமிலத் தன்மையுள்ள நீர் பட்டால் கரையும். மழை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2001-இல் வெளியிட்டு 2005-இல் திருத்திய கையேடு ஒன்று இதற்கு நான்கு படிகள் சொல்கிறது. ஈயத்தைச் சிதறவிடாமல் ஓரிடத்தில் விழச் செய். விழுந்த இடத்திலிருந்து நகரவிடாதே. காலந்தோறும் அகழ்ந்தெடுத்து மறுபடி உருக்க அனுப்பு. இவை அனைத்துக்கும் கணக்கு எழுது. மண்ணின் அமிலத் தன்மையை அளந்து, தேவையானால் சுண்ணாம்பு இடு. புல் வளர்த்து மண்ணைக் கட்டு. மழைநீர் வெளியே ஓடுமுன் தேங்கித் தெளியக் குட்டை வெட்டு என்றெல்லாம் அது விளக்குகிறது. இவற்றில் எதுவும் நம்மால் செய்ய முடியாததன்று. நம் ஊர் உழவர் அறிந்த சுண்ணாம்பும் புல்லும் குட்டையும்தான். ஆனால் முதலிலேயே செய்ய வேண்டும். முதலிலேயே பணம் ஒதுக்க வேண்டும்.

மூடிய கூடத்தில் சுட்டால் மண்ணுக்குக் கேடில்லை, காற்றுக்குக் கேடு. வெடிமருந்துத் தோட்டாவின் பற்றுமருந்திலும் ஈயச் சேர்மம் உண்டு. ஒவ்வொரு வெடிக்கும் அது புகையாய் எழும். ஆகையால் காற்று சுடுபவரின் முதுகுப் புறத்திலிருந்து குறியை நோக்கி ஓடும்படி விசிறி அமைக்க வேண்டும். கூட்டுமாறு கொண்டு உலரப் பெருக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். சுட்டவர் கை கழுவாமல் உண்ணக் கூடாது.

இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். நாம் வாரத்தில் இரண்டு மணி நேரம் சுட்டுவிட்டுப் போய்விடுவோம். அந்தக் கூடத்தை நாள்தோறும் பெருக்குபவர் யார்? மாலையில் அதே உடையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுபவர் யார்? மண்மேட்டைக் கிளறி ஈயம் பொறுக்கி, எடைக்குப் போட்டு, அடுப்பில் உருக்கப் போகிறவர் யார்? சுடுதளத்தின் முதல் நோயாளி சுடுபவனாக இருக்க மாட்டான். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத ஓர் ஏழையாகத்தான் இருப்பான். அந்தத் தொழிலாளிக்கு வேலை உடையும், குளிக்கும் அறையும், ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் இல்லாத சுடுதளம், எத்தனை பதக்கம் தந்தாலும், எனக்கு வேண்டாம்.

ஓசை

.22 ரைபிளின் வெடியோசை சுடுபவர் காதருகே 140 டெசிபெல் அளவைத் தொடும். பெரிய துப்பாக்கிகள் 150-ஐயும் 160-ஐயும் தாண்டும். காதுக் கவசம் அணிந்தவன் தப்பித்துக் கொள்வான். அடுத்த தெருவில் பரீட்சைக்குப் படிப்பவனுக்கும் தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கும் கவசம் ஏது? நம் நாட்டின் ஒலி மாசு விதிகள், 2000, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்று வரையறுக்கின்றன. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்கவும் இடமுண்டு. அங்கே பகலிலேயே 50-தான். நூலகத்துக்கும் விடுதிக்கும் நடுவே வெடியோசையைக் கொண்டு வந்துவிட்டு, பிறகு 'அமைதி காக்க' என்று பலகை மாட்டுவது யாரை ஏமாற்ற? திறந்தவெளித் தளமாயின் குடியிருப்பிலிருந்து விலகி இருக்க வேண்டும்; மண்மேடும் மரவேலியும் ஓசையை மட்டுப்படுத்த வேண்டும்; சுடும் நேரம் இன்னது என்று அறிவித்து அதற்கு மேல் ஒரு வெடியும் வெடிக்கக் கூடாது.

வெற்றிடம் என்று ஒன்று உண்டா?

இனி விண்ணப்பம் சொல்லும் இடங்களைப் பார்ப்போம்.

நம் வளாகத்தை ஒட்டியுள்ள ரிட்ஜ், ஆரவல்லித் தொடரின் வால் நுனி. வடக்கு ரிட்ஜின் பரப்பு ஏறக்குறைய 87 எக்டேர். சட்டத்தின் காப்புக்குட்பட்ட காடு அது. 1857-இல் அங்கே பீரங்கிகள் நின்றன. ஒருமுறை வெடிமருந்து நாறியது போதாதா? காலையில் அங்கே நடப்பவர்கள் எத்தனை பேர், குரங்குகள் எத்தனை, பறவைகள் எத்தனை என்று நமக்கே தெரியும். மண்ணோ மேலோட்டம், அடியில் எல்லாம் பாறை. குண்டு பட்டால் தெறிக்கும் பாறை. பாதுகாப்பின் கண்கொண்டு பார்த்தாலும், காட்டின் கண்கொண்டு பார்த்தாலும், ஓசையின் கண்கொண்டு பார்த்தாலும் அது ஆகாத இடம்.

யமுனைக் கரை? 2023 ஜூலை 13 அன்று பழைய ரயில் பாலத்தருகே யமுனை 208.66 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. 1978-ஆம் ஆண்டு வெள்ளத்தின் 207.49 மீட்டரையும் அது கடந்தது. கரையிலிருந்த குடிசைகள் மட்டுமா மூழ்கின? சாலைகளும் மூழ்கின. அந்த வெள்ளப் படுகையில் மண்மேடு கட்டி அதற்குள் டன் கணக்கில் காரீயத்தைப் புதைப்பது, நஞ்சை ஆற்றின் வாசலில் வைத்துவிட்டு வெள்ளத்தை வரவேற்பதாகும். படுகையில் கீரையும் முள்ளங்கியும் பயிரிடுவோர் இருக்கின்றனர். அந்தக் கீரை நம் விடுதிச் சாப்பாட்டுத் தட்டுக்கே வந்து சேரும்.

நம் மொழியில் புறம்போக்கு என்று ஒரு சொல் இருக்கிறது. வரி விதிக்காத நிலம், ஊருக்குப் பொதுவான நிலம் என்பதே அதன் பொருள். மேய்ச்சலும் சுடுகாடும் ஏரிக்கரையும் அதில் அடங்கும். காலப் போக்கில் அச்சொல் வசைச்சொல்லாயிற்று. 'யாருக்கும் உதவாதது' என்று பொருள் திரிந்தது. பொருள் திரிந்தபின் நிலமும் பறிபோயிற்று. 'வெற்றிடம் நிறைய இருக்கிறது' என்று எழுதிய நண்பர்கள் இதை அறியாமல் செய்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரியில்தான் ஆடு மேய்ப்பவனும் கீரை விற்பவளும் மயிலும் காணாமல் போயினர்.

அவர்களில் சிலர் சொல்லக்கூடும்: 'இவ்வளவு பார்த்தால் நாட்டில் எதுவுமே கட்ட முடியாது. முதலில் தளம் வரட்டும். குறைகளைப் பிறகு சரிசெய்து கொள்ளலாம்.' கட்டடத்தின் வண்ணம் சரியில்லை என்றால் பிறகு மாற்றலாம். திசை சரியில்லாத மண்மேட்டை எப்படி மாற்றுவது? ஆற்று மண்ணில் கலந்த ஈயத்தை எப்படித் திரும்பப் பொறுக்குவது? நார்த்தாமலைச் சிறுவனின் பெற்றோரிடம் 'பிறகு' என்ற சொல்லைச் சொல்ல முடியுமா?

கேட்க வேண்டியது

மறுத்துவிட்டு எழுந்து போவது எளிது. அது நம் கடமையை முடித்ததாகாது. ஆகவே விண்ணப்பத்தை இப்படி மாற்றி எழுதலாம் என்பது என் கருத்து.

முதலாவது, நம் வளாகத்துக்குள்ளேயே ஒரு 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக் கூடம். இதற்குக் காடு வேண்டாம், ஆற்றங்கரை வேண்டாம். சற்று நீளமான ஒரு கூடம், நல்ல சுவர், நல்ல விளக்கு, குறிக்குப் பின்னால் இரும்புப் பெட்டி, பூட்டிய ஆயுத அலமாரி, ஒரு பயிற்சியாளர், இவை போதும். வெடிமருந்து இல்லை, புகை இல்லை, அண்டை வீட்டுக்குக் கேட்கும் ஓசை இல்லை. 'இது சிறுபிள்ளை விளையாட்டு' என்று இகழ வேண்டாம். இந்தியாவின் ஏழு ஒலிம்பிக் பதக்கங்களில் நான்கு, பிந்த்ராவின் தங்கம் உட்பட, இந்தப் பத்து மீட்டருக்குள் வென்றவையே! இளவேனிலின் களமும் இதுதான்.

இரண்டாவது, பெரிய துப்பாக்கிகளுக்கும் பறக்கும் தட்டுக்கும் புதிய நிலம் தேட வேண்டாம். துக்ளகாபாத்தில் தளம் இருக்கிறது. அதன் அருகிலேயே அசோலா பட்டி வனவிலங்குச் சரணாலயமும் இருக்கிறது. ஆகவே அங்குள்ள மண்ணையும் நீரையும் காலந்தோறும் சோதித்து முடிவுகளைப் பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும் என்றும், வாரத்தில் சில மணி நேரம் மாணவர்க்குக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்போம். விஸ்வவித்யாலயாவில் மெட்ரோ ஏறிக் காஷ்மீரி கேட்டில் மாறிப் போகிற தொலைவுதான். நகரத்துக்கு ஒரு மாசு போதும், ஆளுக்கொன்று வேண்டாம்.

மூன்றாவது, என்றேனும் புதிய தளம் தேவைப்பட்டால், கெட்டுப் போன நிலத்தைத் தேடட்டும். கெடாத நிலத்தை அன்று. திட்டத்தை அண்டை அயலார் மொழியில் எழுதி அவர்கள் முன் வைக்கட்டும். குண்டு எங்கே நிற்கும், ஓசை எங்கே அடங்கும், ஈயம் எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கட்டும். ஆண்டுதோறும் ஈயம் அகழ்வதற்கும், கடைசியில் தளத்தை மூடும்போது மண்ணைத் தூய்மை செய்வதற்கும் தொடக்கத்திலேயே ஒரு நிதி ஒதுக்கட்டும். அகழ்ந்த ஈயம் உரிமம் பெற்ற உருக்காலைக்கு மட்டும் போகட்டும்; பழைய இரும்புக் கடைக்கன்று. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி சுடுதளத்துக்கு உரிமம் வேண்டும். அந்த உரிமத் தாள் மட்டும் போதும் என்று எண்ணாமல், இந்தக் கணக்குகளையும் வாயிலில் ஒட்டி வைக்கட்டும். அப்போதுதான் அது பொதுச் சுடுதளம். கதவு எல்லோருக்கும் திறந்திருப்பதால் மட்டும் ஒன்று பொதுவாகிவிடாது. கணக்கும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்.

தோழர்களே! நாம் இந்த நகரத்துக்கு விருந்தினர். மூன்றாண்டு, ஐந்தாண்டு படிப்போம், பட்டம் பெறுவோம், சென்னைக்கோ மதுரைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறுவோம். நாம் இட்ட கையெழுத்து இங்கே இருக்கும். அந்தக் கையெழுத்தினால் விழுந்த ஈயமும் இங்கே இருக்கும்; நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கும். 'வந்தவர்கள் போய்விட்டார்கள், நஞ்சு தங்கிவிட்டது' என்று தில்லிவாசி சொல்ல நாம் இடங்கொடுக்கலாமா? நம் ஊரில் வேற்றூரார் வந்து இப்படிச் செய்தால் நாம் பொறுப்போமா?

குறி பார்ப்பவனுக்குக் கற்பிக்கும் முதற்பாடம், குறியை மட்டும் பாராதே, குறிக்கு அப்பாலும் பார் என்பது. விண்ணப்பம் எழுதுபவனுக்கும் அதுவே பாடம். நண்பர்கள் அந்தத் தாளைத் திருத்தி எழுதிக் கொண்டு வரட்டும். முதற் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.